மணியே இல்லாத வீட்டில் வீடியோ காலிங் பெல் பொருத்திய அனுபவம்

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் அம்மா தனியாக வசிக்கிறார். அவருக்கு வயது 76. மனை ஒடுங்கி நீண்டது என்பதால், பின்கட்டில் துவைக்கும் கல்லருகே நிற்பவருக்கு வாசலில் யார் கூப்பிட்டாலும் கேட்காது. முன்பு குருவி கூவுவதுபோல் ஒலிக்கும் காலிங் பெல் ஒன்று கூடத்தில் இருந்தது. அது பழுதானதும் வெள்ளையடிக்க வந்தவர்கள் கழற்றிப் போட்டுவிட்டார்கள். அதன்பின் யாரும் வேறு மணி மாட்டவில்லை. வாசலில் பெல் சுவிட்ச் மட்டும் மிஞ்சியது. வருகிறவர்கள் அதை அழுத்திப் பார்த்துவிட்டு, வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போனார்கள். ஒரே மாதத்தில் கேஸ் சிலிண்டர் இரண்டு முறை திரும்பிப் போன பிறகுதான் நான் விழித்துக்கொண்டேன்.

நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். வந்திருப்பது யார் என்று அம்மா கதவைத் திறக்காமலே அறிய வேண்டும், நானும் இங்கிருந்து பார்க்க முடிய வேண்டும் என்பதால் வீடியோ காலிங் பெல் வாங்க முடிவு செய்தேன். பேட்டரியில் இயங்கும் வகையைப் பொருத்துவது எளிது. ஆனால் சில மாதங்களுக்கு ஒருமுறை திருகைக் கழற்றி, சார்ஜ் ஏற்றி, மறுபடி மாட்ட வேண்டும். அந்த வேலையை அம்மாவிடம் விடுவது சரியில்லை என்று தோன்றியதால், ஒயர் மூலம் மின்சாரம் பெறும் வகையையே தேர்ந்தெடுத்தேன்.

பெட்டியைப் பிரித்துக் கையேட்டைப் படித்தபோதுதான் இது நம் ஊர் வீடுகளை மனதில் வைத்துச் செய்த பொருள் அல்ல என்பது புரிந்தது. இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் வட அமெரிக்க வீடுகளின் அமைப்பை ஒட்டியவை. அங்கே அழைப்பு மணிக்கென்று மின்னழுத்தத்தைக் குறைக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருக்கும்; அதிலிருந்து 16 முதல் 24 வோல்ட் வரையிலான ஏ.சி. மின்சாரம்தான் சுவிட்சுக்கும் மணிக்கும் போகும். நம் வீடுகளிலோ 230 வோல்ட் ஃபேஸ் (மின்சாரம் வரும் ஒயர்) நேராகப் பெல் சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து மணிக்குச் செல்கிறது. இரண்டிலும் சுவரில் இரண்டு ஒயர்கள்தான் தெரியும். பார்வைக்கு வேறுபாடே இல்லை. நான் வாங்கிய கருவியின் முதுகில் 16 முதல் 24 வோல்ட் ஏ.சி., 10 முதல் 40 வோல்ட்-ஆம்பியர் (டிரான்ஸ்ஃபார்மருக்கு வேண்டிய திறன்) என்று அச்சிட்டிருந்தது. அதைப் பார்க்காமல் சுவரில் இருக்கும் ஒயர்களில் இணைத்திருந்தால் கருவி கருகியிருக்கும். அதை அழுத்த வருகிறவருக்கும் ஆபத்து நேர்ந்திருக்கலாம்.

வீட்டில் மணி இல்லை என்பதால் இரண்டு குறைகள் ஏற்படுகின்றன. அழுத்தினால் உள்ளே ஒலிக்க எதுவும் இல்லை என்பது வெளிப்படையானது. மற்றொன்று மின்சுற்று தொடர்பானது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. டிரான்ஸ்ஃபார்மரும் மணியும் உள்ள அமைப்பில் வீடியோ பெல்லும் உள்ளே இருக்கும் மணியும் ஒரே வரிசையில் இணைந்திருக்கும். சாதாரண நேரத்தில் மணியின் சுருள் வழியாகச் சிறிதளவு மின்னோட்டம் பாய்ந்து கேமராவை இயக்கும். அந்த அளவு மணியை அடிக்கப் போதாது. பொத்தானை அழுத்தியதும் கருவி தன் இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட, முழு மின்னழுத்தமும் சுருளுக்குப் போய் மணி ஒலிக்கும். இடையில் மணியே இல்லையென்றால், அந்த இணைப்பு டிரான்ஸ்ஃபார்மரை நேரடியாக ஷார்ட் செய்துவிடும். ரிங் நிறுவனத்தின் சில பழைய மாதிரிகளை மணி இல்லாமல் பொருத்தும்போது 25 ஓம், 50 வாட் மின்தடை ஒன்றை இடையில் சேர்க்கச் சொல்வதன் காரணம் இதுதான். 24 வோல்ட்டில் 25 ஓம் வழியாக ஏறக்குறைய ஒரு ஆம்பியர் பாய்ந்து 23 வாட் வெப்பம் உண்டாகும் என்பதால், ரேடியோவில் இருக்கும் சின்ன மின்தடையைப் போட்டால் அது எரிந்துவிடும். உலோக உறை கொண்ட பெரிய வகைதான் வேண்டும். என்னுடைய மாதிரியை டிரான்ஸ்ஃபார்மரில் நேரடியாக இணைக்கலாம், மின்தடை தேவையில்லை என்று கையேடு தெளிவாகச் சொன்னது. இது மாதிரிக்கு மாதிரி மாறுகிறது. ஒருவர் வீட்டில் சரியாக அமைந்தது என்பதற்காக இன்னொருவர் அப்படியே செய்துவிடக் கூடாது.

எலக்ட்ரீஷியன் வந்ததும் பழைய பெல் சுவிட்சைக் கழற்றினார். டெஸ்டரை வைத்ததும் ஒரு ஒயரில் விளக்கு எரிந்தது. மணியைக் கழற்றி எத்தனையோ வருடங்கள் ஆகியும் ஃபேஸ் அங்கேயே உயிரோடு இருந்திருக்கிறது. என் மல்டிமீட்டரை இரண்டு ஒயர்களுக்கும் இடையில் வைத்துப் பார்த்தேன். 37 வோல்ட் காட்டியது! "வோல்ட் கம்மியாத்தானே சார் வருது, மாட்டிப் பாத்துரலாமா?" என்று அவர் கேட்டார். ஒரு கணம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் வீட்டில் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாதபோது 37 வோல்ட் எங்கிருந்து வரும்? அதே ஃபேஸ் ஒயருக்கும் பக்கத்துப் பிளக்கின் எர்த் முனைக்கும் இடையில் அளந்தபோது 236 வோல்ட் வந்தது. இரண்டாவது ஒயரின் மறுமுனை கூடத்தில் எதிலும் இணையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. குழாய்க்குள் அருகருகே ஓடும் மற்ற ஒயர்களின் தாக்கத்தால் அப்படித் தொங்கும் ஒயரில் ஒரு போலி மின்னழுத்தம் உண்டாகிறது. டிஜிட்டல் மீட்டர் மிகக் குறைந்த மின்னோட்டத்தை மட்டுமே எடுத்துக்கொள்வதால் அதையும் ஓர் அளவாகக் காட்டிவிடுகிறது. அவர் ஹோல்டரில் மாட்டிய டெஸ்ட் பல்பை அதே இரண்டு ஒயர்களுக்கு இடையில் வைத்ததும் மீட்டரின் எண் பூஜ்யத்துக்கு இறங்கியது. மீட்டரில் குறைந்த எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று இதைப் படிக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

பழைய ஒயர்களையே டிரான்ஸ்ஃபார்மருக்குப் பயன்படுத்தலாமா என்று யோசித்தோம். ஆனால் அதே குழாயில் தாழ்வார விளக்கின் 230 வோல்ட் ஒயர்களும் ஓடின. குறைந்த மின்னழுத்த ஒயரையும் மெயின் ஒயரையும் ஒரே குழாயில் விடக் கூடாது. எலிகடித்தோ சூட்டினாலோ உறை பழுதானால், வெளியில் விரல்படும் கருவிக்கு 230 வோல்ட் வந்துவிடும். ஆகவே பழைய ஃபேஸைச் சுவிட்ச் போர்டிலேயே கழற்றி, ஒயர்களின் இரு முனைகளையும் டேப் சுற்றி மூடினோம். பெல் சுவிட்ச் இருந்த பெட்டிக்கு வெற்று மூடி போட்டோம்.

அடுத்தது டிரான்ஸ்ஃபார்மர். எம்.சி.பி. பெட்டிக்குள் மாட்டும் பெல் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கிடைத்தது. நன்றாகவே இருந்தது, ஆனால் அதன் திறன் 8 வோல்ட்-ஆம்பியர்தான், கேமராவுக்குப் போதாது. பிறகு மின்னணு உதிரிபாகக் கடையில் 12-0-12, 2 ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன். அதன் நடு ஒயரை விட்டுவிட்டு இரு ஓரங்களையும் எடுத்தால் 24 வோல்ட், கருவியின் எல்லைக்குள் சரியாக அமைகிறது என்று கணக்குப் போட்டேன். வீட்டில் அளந்தால் 27 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருப்பது முழுச் சுமையில் கிடைக்கும் அளவு. சுமை, அதாவது கருவி இழுக்கும் மின்னோட்டம், குறைவாக இருக்கும்போது மின்னழுத்தம் அதைவிட ஏறி நிற்கும். எங்கள் தெருவில் பின்னிரவில் மெயினே 250 வோல்ட்டைத் தொடுவதுண்டு. அடுத்த நாளே கடைக்குப் போய் அதைக் கொடுத்துவிட்டு 9-0-9, 2 ஆம்ப் வாங்கி வந்தேன். அதன் இரு ஓரங்களுக்கும் இடையில் சுமையில்லாமல் 20.3 வோல்ட், கருவியை இணைத்த பிறகு 19.4 வோல்ட். மேலும் கீழும் நல்ல இடைவெளி இருந்ததால் மனம் நிம்மதியடைந்தது.

அந்த டிரான்ஸ்ஃபார்மரின் முனைகள் திறந்தவாறு இருக்கும். அதனால் காற்றோட்டத் துளைகள் உள்ள பி.வி.சி. பெட்டிக்குள் வைத்து, மெயின் பக்கம் அரை ஆம்ப் ஃபியூசும், கருவியின் பக்கம் 2 ஆம்ப் ஃபியூசும் சேர்க்கச் சொன்னேன். 230 வோல்ட் இணைப்பு முழுவதையும் எலக்ட்ரீஷியனே செய்தார். அதில் நான் கை வைக்கவில்லை. அங்கிருந்து வாசல் வரை 14 மீட்டர் தூரத்துக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் இரட்டை ஒயரைச் சுவரோரமாகத் தனிப் பட்டியில் கொண்டுபோனோம். போகவரச் சேர்த்து 28 மீட்டர். அதன் மின்தடை ஏறத்தாழ 0.7 ஓம் என்பதால் அரை ஆம்பியர் பாய்ந்தாலும் அரை வோல்ட்கூட இழப்பு ஏற்படாது. பழைய டெலிபோன் ஒயரைப் போன்ற மெல்லிய ஒயராக இருந்தால் இழப்பு பல மடங்காகி, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது கருவி அணைந்து அணைந்து எழும்.

கருவியைத் தரையிலிருந்து நான்கடி உயரத்தில் பொருத்தினோம். இன்னும் மேலே வைத்தால் வருகிறவரின் முகத்துக்குப் பதில் தலைதான் தெரிகிறது. வாசல் மேற்கு நோக்கியது. மாலை வெயில் நேராக லென்சில் விழுந்து ஆள் கருநிழலாகத் தெரிந்ததால், கூடவே வந்த சாய்வுத் துண்டை வைத்துச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பினோம். ஐப்பசி மழையை நினைத்து மேல்விளிம்பிலும் இரு பக்கங்களிலும் சிலிகான் பூசி, கீழ்விளிம்பைத் திறந்தே விட்டோம். எப்படியாவது உள்ளே புகும் நீர் வடிய வழி வேண்டும்.

வைஃபை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே கருவி இணையும். நடுவில் இரண்டு ஒன்பது அங்குலச் சுவர்கள் இருந்ததால் ரவுட்டரைக் கூடத்துக்கு மாற்றியதும் படம் தடைப்படுவது நின்றது. செயலியில் 'உள்ளே மணி இல்லை' என்ற தெரிவை மறக்காமல் அமைத்தேன்.

இவ்வளவு செய்தும், பொத்தானை அழுத்தினால் கோயம்புத்தூரில் என் கைபேசிதான் ஒலிக்கும், பின்கட்டில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்காது என்றால் பயனில்லை. அம்மா கைபேசியைக் கையோடு எடுத்துப் போகிறவர் அல்லர். ஆகவே பிளக்கில் செருகும் ஒலிப்பான் இந்த வேலையின் உயிர்நாடி என்று கருதினேன். அது கருவியோடு நேரடியாகப் பேசுகிறதா, இணையம் வழியாகச் சுற்றி வருகிறதா என்பதை அறிய ரவுட்டரின் ஃபைபர் இணைப்பைப் பிடுங்கிவிட்டு வாசலில் அழுத்தினேன். என் கைபேசி மௌனமாக இருந்தது. கூடத்தில் செருகியிருந்த ஒலிப்பான் ஒலித்தது. பிறகு மெயினை அணைத்தோம். டிரான்ஸ்ஃபார்மர், ரவுட்டர், ஒலிப்பான் மூன்றையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுத்திருந்ததால் அப்போதும் ஒலித்தது. எங்கள் இன்வெர்ட்டர் சைன் வேவ் வகை. சதுர அலை தரும் பழைய வகை உள்ளவர்கள், டிரான்ஸ்ஃபார்மர் இரைகிறதா, அதிகமாகச் சுடுகிறதா என்று முதல் சில மணி நேரம் மூடிய பெட்டியை வெளியிலிருந்து தொட்டுப் பார்ப்பது நல்லது.

எதிர்வீட்டு மாமியை அழைத்துக் கேமராவில் தெரியும் காட்சியைக் காட்டினேன். அவர்கள் வீட்டு நடை ஓரமாகத் தெரிந்ததால், அந்தப் பகுதியைச் செயலியில் மறைத்து, அங்கே நடமாட்டத்தைக் கவனிக்காதபடி அமைத்தேன். "இனி கோலம் போடறச்சே யோசிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புறப்படுமுன், பெட்டி மூடியின் உட்புறத்தில் டிரான்ஸ்ஃபார்மரின் வோல்ட், ஃபியூஸ் அளவுகள், பொருத்திய தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டினேன். கூடத்தில் அடித்த மணி பின்கட்டில் மங்கலாகத்தான் கேட்டது என்பதால் இரண்டாவது ஒலிப்பான் ஒன்றை வரவழைத்துச் சமையலறைக்கும் பின்கட்டுக்கும் நடுவே இருக்கும் பிளக்கில் செருகச் சொன்னேன். அதற்கான ஒலியை அம்மாவே தேர்ந்தெடுத்தார். பத்துப் பதினைந்து ஒலிகளைக் கேட்டுப் பார்த்துவிட்டு, பழைய மணியைப்போல் குருவி கூவும் ஒலியை வைக்கச் சொன்னார்.