டாக்டர் வந்து சொல்லுவாங்கம்மா

ஸ்கேன் அறையில் எப்போதும் அரை இருட்டுதான். டெக்சாஸ் தலைநகர் ஆஸ்டினை ஒட்டிய ஊரில், மகப்பேறு கிளினிக் ஒன்றில் 12 வருடமாக அல்ட்ராசவுண்ட் டெக்னீசியனாக இருக்கிறேன். இந்த வேலைக்குப் படிக்கும்போது முதலில் பழக்குவது, முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பதை. திரையில் என்ன தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது, அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். நல்ல விதிதான். அரைகுறையாக நாம் ஒன்று சொல்லி ஒரு பெண்ணைப் பதற வைத்துவிடக் கூடாதே.

வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களிலேயே, 2013 ஜூன் 25 அன்று, இந்த ஊர் சத்தம் போட்டதைக் கேட்டேன். கருக்கலைப்பைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் செனட் மசோதா 5 அன்று நள்ளிரவுக்குள் நிறைவேற வேண்டும், இல்லையென்றால் கூட்டத்தொடர் முடிந்து அது காலாவதியாகிவிடும். வெண்டி டேவிஸ் என்ற மாநில செனட்டர் அதுவரை பேசிக்கொண்டே இருப்பது என்று காலையிலேயே எழுந்து நின்றுவிட்டார். உட்காரக் கூடாது, மேசையில் சாயக் கூடாது, சாப்பாடு, தண்ணீர் கிடையாது, கழிப்பறைக்குப் போக முடியாது, பேச்சு விஷயத்தை விட்டு விலகவும் கூடாது. காலில் இளஞ்சிவப்பு ஓட்டப்பயிற்சி ஷூ. கிட்டத்தட்ட 11 மணி நேரம் நின்றார்.

வேலை முடிந்து நானும் ஒரு தோழியும் ஆஸ்டினில் இருக்கும் சட்டமன்றக் கட்டிடத்துக்குப் போனோம். “போட்டோ கீட்டோல வந்துடாத, நாளைக்கு சிட்டிசன்ஷிப்புக்கு எழுதிப் போடணும்” என்று வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினார். கிரீன் கார்டு மட்டுமே இருந்த காலம், ஓட்டும் கிடையாது. மசோதாவை எதிர்ப்பவர்கள் ஆரஞ்சு நிறச் சட்டை, ஆதரிப்பவர்கள் நீலம். பார்வையாளர் மாடத்தில் இடம் கிடைக்காமல் குவிமாடத்துக்குக் கீழே நின்றோம். விதியை மீறினார் என்று மூன்று முறை குறை சொல்லி அவர் பேச்சை நிறுத்தினார்கள். அதில் ஒன்று, இடுப்புப் பட்டை கட்டிக்கொள்ள சக உறுப்பினர் உதவியது. நள்ளிரவு நெருங்க, மாடத்தில் இருந்தவர்கள் கத்தத் தொடங்கினார்கள். கீழே நின்ற நாங்களும் சேர்ந்துகொண்டோம். அந்தக் கல் தரை காலுக்குக் கீழே அதிர்ந்தது. கூச்சலில் வாக்கெடுப்பை நேரத்துக்கு முடிக்க முடியவில்லை. அதிகாலை 3 மணி வாக்கில் மசோதா செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

ஆளுநர் ரிக் பெரி உடனே இன்னொரு சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டினார். மூன்று வாரத்தில் அதே விஷயம் மசோதா 2 என்ற பெயரில் சட்டமாகிவிட்டது. மாநிலத்தில் 40-க்கு மேல் இருந்த கருக்கலைப்பு கிளினிக்குகள் பாதியாகக் குறைந்தன. 2016-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியப் பகுதிகளை ரத்து செய்தது. ஆனால் மூடிய கிளினிக்குகளில் பெரும்பாலானவை திரும்பத் திறக்கவே இல்லை.

2021 செப்டம்பர் 1 முதல் செனட் மசோதா 8 நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து சட்டத்தின் எல்லைக்கோடே என் திரையில் வந்து உட்கார்ந்துகொண்டது. கருவில் துடிப்பு தெரிந்துவிட்டால் கலைக்கக் கூடாது. அது சுமார் ஆறாவது வாரம். வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கிலிருந்து தொடங்குவதால், ஆறு வாரம் என்றால் நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம். அந்த நேரத்தில் திரையில் தெரிவது ஓர் அரிசி மணி அளவு, அதற்குள் ஒரு மினுக்கல். அதன்மேல் ஒரு கோட்டைப் போட்டு, அலைகளின் இடைவெளியை அளந்து, நிமிடத்துக்கு இத்தனை என்று குறிப்போம். நான்கு அறைகளோடு முழுதாக உருவான இதயம் இல்லை அது. சட்டம் எழுதியவர்கள் அதை ‘இதயத் துடிப்பு’ என்றார்கள். இந்தச் சட்டத்தைக் காவல் துறை அமல்படுத்தாது. யார் வேண்டுமானாலும், கலைத்த டாக்டர் மீதும் உதவியவர் மீதும் வழக்குப் போட்டு, ஜெயித்தால் குறைந்தது 10,000 டாலர் வாங்கலாம். உதவியவர் என்றால் யார் யார்? எங்கள் சாப்பாட்டு அறையில் வாரக்கணக்கில் இதே பேச்சுதான்.

அடுத்த வருடம் ஜூன் 24 அன்று, கருக்கலைப்பு அரசியலமைப்பு தந்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகஸ்ட் 25 முதல் டெக்சாஸில் கிட்டத்தட்ட முழுத் தடை. டாக்டருக்கு ஆயுள் தண்டனை வரை கிடைக்கலாம். தாயின் உயிருக்கு ஆபத்து அல்லது உடலின் முக்கிய இயக்கத்துக்குப் பெரிய பாதிப்பு என்றால் மட்டும் விலக்கு. பிழைக்கவே வாய்ப்பில்லாத கருவுக்கு விலக்கு இல்லை. கிளினிக்கில் ஒரு மீட்டிங் போட்டார்கள். வேறு மாநிலத்தின் பெயரைக்கூட நோயாளியிடம் யாரும் சொல்ல வேண்டாம், வக்கீல்கள் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார்கள்.

அந்த மீட்டிங்குக்குச் சில மாதங்கள் கழித்து ஒரு பெண் வந்தார். 13-வது வாரம், முதல் பிள்ளை. என் பேட்ஜைப் பார்த்துவிட்டு, “அக்கா, நீங்க தமிழா?” என்று மலர்ந்தார். அதுவரை ஆங்கிலத்தில் அளந்து பேசியவர், ஜெல் போடும்போது “ஐயோ, சூடா இருக்கே, நல்லா இருக்கு” என்று சிரித்தார். நான் தலையின் படத்தைத் தேடினேன். கண்குழிகளுக்கு மேலே வெள்ளையாக ஒரு வளைவு வரவேண்டும், மண்டையோடு. அது இல்லை. கருவியைத் திருப்பிப் பார்த்தேன். அவரைப் பக்கவாட்டில் படுக்கச் சொல்லிப் பார்த்தேன். இல்லை.

“அக்கா, எல்லாம் நல்லா இருக்கா?”

“டாக்டர் வந்து சொல்லுவாங்கம்மா.”

என் முகம் மாறவில்லை. குரல் மாறியிருக்க வேண்டும், அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

டாக்டர் வந்து சொன்னார். அனென்செஃபலி, மண்டையோடும் மூளையும் முழுதாக உருவாகாத நிலை. பிறந்தாலும் சில மணி நேரமோ சில நாளோதான். வேறு கருத்து கேட்டுக்கொள்ளுங்கள் என்பதோடு அவரும் நிறுத்திக்கொண்டார். வராந்தாவில் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஊருக்கே போயிடலாமான்னு கேக்குறாரு. விசா ஸ்டாம்பிங் ஆகாம போனா திரும்பி வர முடியாது. நீங்களாச்சும் சொல்லுங்கக்கா, நான் எங்க போறது?” என்றார். இந்தியாவில் என்றால் 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். இங்கே பக்கத்திலேயே நியூ மெக்சிகோவில் தடை இல்லை. ஆல்புகெர்க்கிக்கு காரில் பத்து மணி நேரத்துக்கு மேல். எனக்கு எல்லாம் தெரியும். “டாக்டரையே இன்னொரு தடவ கேளுங்கம்மா” என்றேன். கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன். அவர் மறுபடி எங்கள் கிளினிக்குக்கு வரவில்லை.

2023 மார்ச்சில் அமாண்டா ஸுராவ்ஸ்கி என்ற ஆஸ்டின் பெண்ணும் இன்னும் சிலரும் மாநில அரசு மீது வழக்குப் போட்டார்கள். அவருக்கு 18-வது வாரத்தில் பனிக்குடம் உடைந்தது. துடிப்பு இருக்கிறதே என்று காத்திருக்க வைத்ததில் கிருமி ரத்தத்தில் கலந்து சாவின் வாசல் வரை போய் வந்தவர். ஜூலையில் சமந்தா காசியானோ சாட்சி சொன்னார். அவர் குழந்தைக்கும் அனென்செஃபலி. வேறு மாநிலம் போக வசதி இல்லாமல் சுமந்து பெற்று, நான்கு மணி நேரம் மடியில் வைத்திருந்தவர். அதைச் சொல்லும்போதே சாட்சிக் கூண்டில் வாந்தி எடுத்துவிட்டார். செய்தியில் அதைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது அந்த வராந்தாதான். வழக்கு 2024 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. கன்சாஸிலும் ஒஹையோவிலும் மக்களிடம் ஓட்டுக்கு விட்டபோது தடை கேட்டவர்கள்தான் தோற்றார்கள். கன்சாஸில் 59 சதவீதம் பேர் உரிமையின் பக்கம் நின்றார்கள். டெக்சாஸில் மக்கள் கையெழுத்து திரட்டி அப்படி ஒரு வாக்கெடுப்பைக் கொண்டுவர வழியே இல்லை. சட்டமன்ற உறுப்பினரின் கதவைத்தான் தட்ட வேண்டும்.

2025 வசந்தத்தில், விலக்குகளைத் தெளிவாக்கும் மசோதா ஒன்று விவாதத்தில் இருந்தது. கருவின் குறைபாடு அதிலும் இல்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அதே கட்டிடத்துக்குப் போனேன். இப்போது எனக்கு ஓட்டு இருக்கிறது. உறுப்பினர் இல்லை, உதவியாளரைத்தான் பார்க்க முடிந்தது. கல்லூரி முடித்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது அந்தப் பையனுக்கு. உட்காரச் சொன்னான். யாருடைய பெயரும் சொல்லாமல், நான் திரையில் பார்த்ததைச் சொன்னேன். சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். பாதியில் எழுதுவதை நிறுத்தி, “அந்த நோயின் பெயர் எப்படி எழுதுவது?” என்று கேட்டான்.

பேனாவை வாங்கி அவன் நோட்டில் எழுதினேன். பக்கத்தில் இரண்டு தலைகள் வரைந்து காட்டினேன், ஒன்றுக்கு மேலே வளைவோடு, இன்னொன்று வளைவு இல்லாமல். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “மேலே சொல்லுங்கள்” என்றான்.