கல் வைத்து நிறுத்திய மொறிஸ் மைனர்

யாழ்ப்பாணத்தில் கார் வைத்திருப்பவருக்குத் தன் ஹாண்ட் பிறேக் பிடிக்கிறதா இல்லையா என்பது வருடக்கணக்கில் தெரியாமலே போகலாம். குடாநாடு பாய் விரித்தது மாதிரிக் கிடக்கிறது. நல்லூரில் விட்டாலும் பருத்தித்துறையில் விட்டாலும் கார் விட்ட இடத்திலேயே நிற்கும். எங்கள் வீட்டு மொறிஸ் மைனரும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தது. 1959ஆம் ஆண்டுக் கார், 948 சிசி. அப்பா வாங்கியது. தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது, காபுரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்யில் ஓடிய கார்களில் இதுவும் ஒன்று. அவ்வளவையும் தாங்கியதற்கு ஹாண்ட் பிறேக் ஒரு குறையா என்று நானும் விட்டுவிட்டேன்.

திருகோணமலைக்குப் போனபோதுதான் குட்டு வெளிப்பட்டது. கோட்டைக்குள்ளால் கோணேஸ்வரத்துக்கு ஏறுகிற பாதையில் ஓரமாக நிறுத்தி, ஹாண்ட் பிறேக்கை முடிந்தமட்டும் இழுத்துவிட்டு இறங்கினேன். கார் மெதுவாகப் பின்னுக்குப் போகத் தொடங்கியது. பாய்ந்து ஏறிக் காலால் பிறேக்கை மிதித்தேன். மனைவி ஓடிப்போய் ஒரு கல்லைத் தூக்கி வந்து சில்லுக்குக் கீழே வைத்தாள். அங்கே திரிகிற மான்கள்கூட நின்று பார்த்தன.

"இஞ்சேருங்கோ, வீட்ட போனா முதல் வேலை இதுதான். இல்லாட்டி நான் இனி இந்தக் காரில ஏற மாட்டன்."

வீட்டுக்கு வந்து முதலில் செய்தது பிழையான வேலை. மைனரில் இரண்டு சீற்றுக்கும் நடுவில் ஹாண்ட் பிறேக் இருக்கிறது. அதன் அடியிலிருந்து இரண்டு கேபிள்கள் புறப்பட்டு, ஆளுக்கொரு பின் சில்லுக்குப் போகின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் இறுக்குவதற்கு நட் இருக்கிறது. கார்ப்பெற்றைத் தூக்கினால் கைக்கு எட்டும், ஸ்பானர் ஒன்று போதும். எல்லாரும் அதில்தான் கை வைக்கிறார்கள், நானும் வைத்தேன். இழுக்கும்போது கடக் கடக் என்று பன்னிரண்டு பல் ஏறியது ஆறு பல்லில் நின்றது. பத்து நிமிட வேலை, பெரிய சந்தோசம்.

ஐந்தாம் நாள் மானிப்பாய் போய்வந்து பார்த்தால் இடப்பக்கப் பின் சில்லு சுடுகிறது. ஹாண்ட் பிறேக்கை முழுதாக விட்ட பிறகும், சில்லோடு சுற்றுகிற ட்ரம்மில் அதைப் பிடித்து நிறுத்துகிற சூ உரசிக்கொண்டே வந்திருக்கிறது. அதே நேரம், இழுத்தால் முன்பு போலவே வழுக்குகிறது. விட்டால் பிடிக்கிறது, பிடித்தால் விடுகிறது!

அப்பா காலத்திலிருந்து இந்தக் காரைத் தெரிந்த ஒரு கறாச் அண்ணைக்குப் போன் எடுத்தேன். இப்போது அவர் வேலை செய்வதில்லை, ஆனால் காது நல்ல கூர்மை. நட்டை எத்தனை சுற்று இறுக்கினேன் என்று சொல்லி முடிக்கவில்லை.

"தம்பி, கேபிளை விடும். இறுக்கினதை எல்லாம் திருப்பித் தளர்த்தும். சில்லைக் கழட்டிப் பாரும், பிறகு கதைப்பம்."

அவர் சொன்னது ஏன் சரி என்பது ட்ரம்மைத் திறந்தபோது விளங்கியது. காலால் மிதிக்கும் பிறேக், பிறேக் ஓயிலின் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஹாண்ட் பிறேக்குக்கு ஓயிலோடு தொடர்பில்லை, கேபிள் இழுப்பதுதான். ஆனால் இரண்டும் கடைசியில் அசைப்பது அதே சூவைத்தான். சூ தேய்ந்து ட்ரம்மிலிருந்து விலகி நின்றால் அந்த இடைவெளியை முதலில் கேபிள் கடக்க வேண்டும். உங்கள் கையின் இழுவை முழுவதும் அதிலேயே செலவாகிவிடும். கேபிளை இறுக்குவது இந்த இடைவெளியை மறைக்கிறதே தவிரக் குறைப்பதில்லை.

அடுத்த போயா (பௌர்ணமி) லீவில் வேலையைத் தொடங்கினேன். பின்பக்கத்தைத் தூக்கும்போது ஹாண்ட் பிறேக்கை விட்டிருக்க வேண்டும், ஆகவே முன் சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் வைத்தேன். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகக்கூடாது. சீமெந்துக் கல்லையும் நம்ப மாட்டேன், பாரம் ஏறினால் சொல்லாமல் வெடிக்கும். வளவில் கிடந்த பனங்குற்றி இரண்டை அச்சுக்கு அடியில் கொடுத்தேன்.

ட்ரம்மைப் பிடித்திருக்கும் திருகாணிகளுக்கு முதல்நாள் இரவே துருவுக்கு விடும் எண்ணெய் விட்டிருந்தேன். அப்படியும் ஒன்று அசையவில்லை. திருகியை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிய பிறகுதான் விட்டது. உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதக்கூடாது. சூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டைதான் லைனிங். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கும், அது நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. ஈரத்துணியால் துடைத்தெடுத்து, துணியைப் பையில் கட்டி எறிந்தேன். இந்தக் கார் மண்ணெண்ணெய் குடித்து வளர்ந்ததுதான், ஆனாலும் லைனிங்கை மண்ணெண்ணெய்யால் கழுவக்கூடாது. எண்ணெய்ப் படலம் தங்கிவிடும்.

வலப்பக்கம் லைனிங் காய்ந்து நல்லாகவே இருந்தது. பிழை, சூவைத் தள்ளுகிற சிலிண்டரில். மைனரின் பின் வீல் சிலிண்டர் இறுக்கிப் பூட்டியது அல்ல, பின் தகட்டில் வெட்டிய துளையில் முன்னும் பின்னும் வழுக வேண்டும். ஹாண்ட் பிறேக் இழுக்கும்போது ஒரு நெம்புகோல் ஒரு சூவைத் தள்ளுகிறது, அந்த எதிர்விசையில் சிலிண்டர் நகர்ந்து மற்றச் சூவைத் தள்ளுகிறது. என்னுடையது செம்மண்ணும் துருவும் சேர்ந்து அப்படியே உறைந்திருந்தது. இவ்வளவு காலமும் அந்தப் பக்கத்தில் ஒரு சூதான் வேலை செய்திருக்கிறது. மேலே மூடியிருக்கும் றப்பர் கிழிந்திருந்தது, அதற்குள்ளால்தான் மண் போயிருக்கிறது. எண்ணெய் விட்டு, மரச்சுத்தியலால் இருபக்கமும் மாறி மாறித் தட்டி, அசையத் தொடங்கியதும் துளையின் ஓரத்தை அரத்தால் சுத்தம் செய்து, சூடு தாங்கும் கிறீஸ் மெல்லியதாகப் பூசினேன். இந்த ஒரு சிலிண்டருக்கு அரை நாள் போனது. விரலால் தள்ளினால் வழுகிற நிலைக்கு வரும்வரை விடவில்லை.

இடப்பக்கம் வேறு கதை. ட்ரம்மைக் கழற்றியதும் மணத்திலேயே தெரிந்தது, பின் அச்சுக்குள் இருக்கிற ஓயில். சீல் தளர்ந்து ஓயில் கசிந்து லைனிங் முழுவதும் ஊறியிருக்கிறது. கசிகிறதே என்று போன வருடம் அச்சுக்குள் மட்டத்துக்கு மேல் ஊற்றி வைத்தவனும் நான்தான், அதுவும் சேர்ந்து வெளியே தள்ளியிருக்கிறது. ஊறிய லைனிங்கை நெருப்பில் காட்டினால் சரிவரும் என்பார்கள். நான் நம்பவில்லை. சூடேறினால் உள்ளே இருப்பது மறுபடி வெளியே வரும். கொழும்பில் கார்ச் சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் சொல்லி வைத்து, இரவு பஸ்ஸில் சூ செற் ஒன்றும் சீலும் றப்பரும் வந்து சேர்ந்தன. வலப்பக்கச் சூ நல்லாயிருந்தும் இரண்டு பக்கமும் மாற்றினேன், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிடிப்பு சமனாக இராது. அச்சின் நுனியில் சில்லைத் தாங்குகிற ஹப்பைக் கழற்றி சீல் போடுகிற வேலையைக் கறாச்சுக்கே கொடுத்தேன். அதற்குரிய இழுவைக் கருவி என்னிடம் இல்லை, சுத்தியலால் அடித்துக் கழற்றிய ஹப்புகளின் கதை எனக்குத் தெரியும்.

கேபிள் இரண்டையும் கடைசியில்தான் பார்த்தேன். ஒன்றிலும் நரம்பு அறவில்லை, இழுத்தால் சுகமாக ஓடின. ஒரு வாரம் நான் இறுக்கி இறுக்கித் தண்டித்தது குற்றமில்லாத ஆளை.

பிறகு பூட்டுகிற முறை. கேபிள் நட்டுகள் முழுதாகத் தளர்ந்திருக்க வேண்டும். ட்ரம்மிலுள்ள துளையால் திருகியை விட்டு, சூவை ட்ரம்மோடு நெருக்குகிற அட்ஜஸ்டரை வலஞ்சுழியாகத் திருப்பி, சில்லு அசையாமல் பூட்டியதும் ஒரு பல் பின்னுக்கு விட்டேன். காற்பிறேக்கை இரண்டு மூன்று தரம் ஓங்கி மிதித்தால் சூக்கள் நடுவுக்கு வந்து உட்காரும். அப்புறம் மறுபடி திருப்பிப் பார்த்தேன், இடப்பக்கத்தில் இன்னும் ஒரு பல் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் கேபிள். ஹாண்ட் பிறேக்கை மூன்றாம் பல்லில் வைத்து, பின் சில்லு இரண்டையும் கையால் பலமாகத் தள்ளினால்தான் அசையும் என்ற அளவுக்கு நட்டை இறுக்கினேன். விட்டதும் இரண்டும் தடையில்லாமல் சுற்றின.

சோதிக்க மேட்டுக்கு எங்கே போவது? முற்றத்திலேயே ஹாண்ட் பிறேக்கை இழுத்துவிட்டு, முதல் கியரில் கிளச்சை மெல்ல விட்டேன். எஞ்சின் திணறி நின்றது. அது போதாதென்று, பக்கத்து சேர்விஸ் ஸ்டேசனில் அடிப்பக்கம் கழுவ ஏற்றுகிற சாய்வுத் தளத்தின் பாதியில் காரை நிறுத்தி, கியரை எடுத்து, ஹாண்ட் பிறேக்கை நாலு பல் இழுத்துவிட்டுக் காலை எடுத்தேன். அங்கே வேலை செய்கிற பெடியன் ஓடி வந்து, "ஐயா, பிறேக் விட்டிட்டுதோ?" என்று கேட்டான். இல்லை தம்பி, நிற்குதோ எண்டு பாக்கிறன் என்றேன். நின்றது.

இரண்டு வாரம் கழித்துப் புதுச் சூ படிந்ததும் ஐந்தாம் பல்லுக்கு இறங்கியிருக்கிறது. அட்ஜஸ்டரை இன்னொரு தரம் பார்க்க வேண்டும். கேபிள் நட்டுக்கு மேலே கார்ப்பெற்றை ஒட்டி விட்டேன்.