டார்ப்பன் பின்னால் ஐந்து நாள்: புளோரிடா கீஸ் நாட்குறிப்பு

மே 20, 2024, திங்கள், இஸ்லாமொராடா

டார்ப்பன் என்ற பெரிய கடல் மீனைத் தூண்டிலில் பிடித்து மறுபடி கடலில் விட, புளோரிடாவின் தென்கோடித் தீவுத்தொடரான கீஸுக்கு மாலையில் வந்து சேர்ந்தோம். ஆறு பேர், மூன்று படகுகள். ஒவ்வொரு படகிலும் இருவருக்கு ஒரு வழிகாட்டி. சாப்பிட்டு முடித்ததும் மேசை முழுக்கத் தங்கூசியும் முடிச்சும்தான். 20 பவுண்டு தாங்கும் மெல்லிய இழை, அதன் நுனியில் ஓரடிக்கு 60 பவுண்டு தாங்கும் தடித்த ஃப்ளூரோகார்பன் இழை. டார்ப்பனுக்குக் கூரிய பல் கிடையாது. ஆனால் தாடை உப்புத்தாளைப் போலச் சொரசொரப்பு. நேரம் போகப் போக மெல்லிய இழையைத் தேய்த்தே அறுத்துவிடும். என் மைத்துனர் ஒரே முடிச்சை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினார். "நாளைக்கு இதுதான் மச்சான் நம்மைக் காப்பாற்றும்" என்றார். உண்மைதான்.

மே 21, செவ்வாய்

கடலோரத்தில் ஆழம் குறைந்த திட்டின் விளிம்பில் வழிகாட்டி கழியை ஊன்றிப் படகை நிறுத்தினார். அவர் பின்பக்க மேடையில் நிற்கிறார், தூண்டில்காரர் முன்பக்கத்தில். படகின் மூக்கு பன்னிரண்டு மணி என்று கணக்கு. "பதினொன்று! அறுபது அடி! இடப்பக்கம் போகிறது!" குரல் வந்த நொடியில் இழை காற்றில் இருக்க வேண்டும்.

இறகும் முடியும் கட்டிய போலி இரையான ஃபிளை எங்கே விழுகிறது என்பதில்தான் எல்லாமே. மீன் தலைமேல் விழுந்தால் கூட்டமே வெருண்டு ஆழத்துக்கு ஓடும். போகும் வழியில், சற்று முன்னால் விழ வேண்டும். விழுந்தபின் மீனை விட்டு விலகிச் செல்வதாக இழுக்க வேண்டும். எந்த இரையும் தன்னைத் தின்ன வருகிற மீனை நோக்கி நீந்துவதில்லை. வழிகாட்டி இதைச் சொன்னபோது இந்தக் கலையின் பாதி எனக்குப் புரிந்துவிட்டது.

வரிசை வரிசையாக மீன்கள் கடந்தன. ஒன்றும் வாய் திறக்கவில்லை. எனக்கு வருத்தமே இல்லை. ஆளுயர மீன்கள் வெள்ளை மணல்மேல் நிழலோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்க நிற்பேன்.

மே 22, புதன்

காலை அமைதியாக இருந்தது. மீன்கள் மேலே வந்து புரண்டன. டார்ப்பன் காற்றை விழுங்கும். அதன் காற்றுப்பை நுரையீரலாகவும் வேலை செய்கிறது. குஞ்சுகள் வளர்வது அலையாத்திக் காட்டுக்குள் தேங்கிய குட்டைகளில். உயிர்வளி குறைந்த அந்த நீரில் பெரிய வேட்டை மீன்களால் தாக்குப்பிடிக்க முடியாது. குஞ்சுகளுக்கு அதுவே பாதுகாப்பு. அந்தக் குட்டைகளைத் தூர்த்து வீடு கட்டினால் இந்தத் திட்டில் மீன் எங்கிருந்து வரும்? பெண் மீன் முட்டையிடும் பருவத்தை எட்டவே ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகின்றன. ஐம்பது வயதைத் தாண்டிய மீன்களும் உண்டு. என்னைவிட மூத்த ஒன்று நேற்று படகைக் கடந்திருக்கலாம்.

ஒன்பது மணிவாக்கில் மைத்துனருக்கு விழுந்தது. கம்பைத் தூக்காமல், நுனியை மீனை நோக்கியே வைத்து, இடக்கையால் இழையை இழுத்து இழுத்து முள்ளை இறுக்கினார். அந்த வாய் முழுக்க எலும்பு. வேறு வழியில் முள் ஏறாது. அடுத்த நொடி மீன் முழுதாக நீருக்கு வெளியே வந்தது. "குனியுங்கள்!" என்று கத்தினோம். மீன் துள்ளும்போது கம்பைத் தாழ்த்தி இழையைத் தளர்த்தாவிட்டால் அதன் எடையே இழையை அறுத்துவிடும்.

பிறகுதான் உண்மையான வேலை. ஒவ்வொரு முறை மேலே வந்து காற்றை விழுங்கும்போதும் மீனுக்குப் புது பலம். ஆகவே அது வலப்பக்கம் திரும்பினால் கம்பைத் தண்ணீரோடு தாழ்த்தி இடப்பக்கம் இழுக்க வேண்டும். தலையை எழும்பவே விடக்கூடாது. பார்க்க முரட்டுத்தனம். ஆனால் மீனுக்கு நல்லது இதுதான். மென்மையாக ஒரு மணி நேரம் இழுத்தடிப்பது அதைக் கொல்கிற வேலை. இருபது நிமிடத்தில் படகருகே வந்தது. எண்பது பவுண்டு இருக்கும் என்றார் வழிகாட்டி.

மற்றப் படகிலிருந்து ஒரு நண்பர், "மடியில் தூக்கி வைத்து ஒரு படம்!" என்றார். புளோரிடாவில் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட டார்ப்பனை நீரிலிருந்து வெளியே எடுக்கக்கூடாது. சாதனைக்காக அனுமதிச் சீட்டு வாங்கியவர்களுக்கு மட்டுமே விலக்கு. சட்டம் இல்லாவிட்டாலும் நான் தூக்க விட்டிருக்க மாட்டேன். மைத்துனர் தாடையைப் பிடித்து நீரிலேயே வைத்திருந்தார். மீன் வாலை ஒருமுறை உதறிவிட்டுப் போனது. அவர் கைகள் வெகுநேரம் நடுங்கின.

மே 23, வியாழன், பௌர்ணமி, பஹியா ஹோண்டா

1912இல் ரயில் ஓடிய பழைய பாலம். 1935 சூறாவளி தண்டவாளத்தைச் சிதைத்தபின் இதன் இரும்புச் சட்டங்களின் உச்சியில் சாலை போட்டார்கள்.

அந்தியில் நீர் வடியத் தொடங்கியதும் பலோலோ புழுக்கள் எழுந்தன. பாறை இடுக்குகளில் வாழும் இவை மே, ஜூன் மாதங்களில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இனப்பெருக்கத்துக்காக வெளியே வருகின்றன. விரல் நீளச் செம்புழுக்கள் கடலை நோக்கி நீந்த, டார்ப்பன்கள் மேற்பரப்பிலேயே வாயைத் திறந்து திறந்து மூடின. எங்கும் சப்பும் ஒலி. எங்களிடமிருந்த செந்நிற ஃபிளையை அந்த ஆயிரக்கணக்கில் எந்த மீன் பொறுக்கும்?

ஒன்று பொறுக்கியது. என் கம்பில். இரண்டு துள்ளலுக்குப் பிறகு, அதன் பின்னால் கொம்பன் சுறாவின் உயர்ந்த துடுப்பு. வழிகாட்டி சொல்வதற்கு முன்பே ரீலை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். இழை அறுந்தது. இழையில் கட்டுண்ட மீனால் சுறாவிடமிருந்து தப்ப முடியாது. அறுத்துவிட்டால் ஒரு வாய்ப்பாவது உண்டு.

மே 24, வெள்ளி

காற்று பலத்துவிட்டது, கடலுக்குப் போகவில்லை. ரீல்களை நல்ல தண்ணீரில் கழுவினோம். அடுத்த மே மாதத்துக்கு அதே வழிகாட்டிகளிடம் சொல்லி வைத்தாகிவிட்டது. கம்பின் எண் கூடினால் வலுவும் கூடும். 11ஆம் எண் கம்பு வைத்திருப்பவர்கள் எல்லோரும் 12க்கு மாற வேண்டும் என்று சொன்னேன். கை வலிக்கும் என்றார்கள். மீன் பத்து நிமிடம் முன்னதாக விடுதலையாகுமென்றால் வலிக்கட்டும்.