கேஎம்எஸ் சாவிகளை ஸ்கிரிப்டில் பட்டியல் எடுத்த அனுபவம்

ஆடிட்டுக்காக, எங்கள் ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட்) அக்கவுண்டில், கேஎம்எஸ் என்ற சாவி மேலாண்மைச் சேவையில் என்னென்ன என்கிரிப்ஷன் சாவிகள் இருக்கின்றன, எது எந்த டீமுடையது என்று ஒரு பட்டியல் கேட்டார்கள். கன்சோலில் ரீஜன் ரீஜனாக (டேட்டா சென்டர்கள் இருக்கும் வட்டாரம்) மாற்றிப் பார்த்து எக்செலில் ஏற்றலாம், ஆனால் அடுத்த ஆடிட்டுக்கும் அதே வேலை திரும்ப வரும். அதனால் பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன்.

பைத்தானிலிருந்து ஏடபிள்யூஎஸ்ஸைக் கூப்பிட உதவும் போட்டோ3 லைப்ரரியில், சாவிகளைப் பட்டியலிடும் லிஸ்ட்கீஸ் அழைப்பு ஒரே வரிதான். ஆனால் அது தருவது சாவியின் ஐடியும் ஏஆர்என்னும் (அதன் முழு முகவரி) மட்டுமே. அதுவும் நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒரு தடவைக்கு 100 சாவிகள், லிமிட் கொடுத்துக் கேட்டால் அதிகபட்சம் 1000. மிச்சம் இருந்தால் பதிலில் நெக்ஸ்ட்மார்க்கர் வரும், அதை அடுத்த அழைப்பில் மார்க்கராகக் கொடுக்க வேண்டும். பேஜினேட்டர் இதைத் தானே பார்த்துக்கொள்ளும், அதையே பயன்படுத்துங்கள், ஏனென்றால் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டால் எரர் எதுவும் வராது, பட்டியல் முழுசாக இருப்பது போலவே தெரியும்.

சாவிகள் ரீஜனுக்கு ரீஜன் தனி. மும்பையில் எடுத்த பட்டியலில் ஹைதராபாத் சாவி வராது. அக்கவுண்டில் எனேபிள் ஆகியிருக்கும் ரீஜன்களை மட்டும் எடுத்து லூப் போட்டேன்.

அப்புறம் ஒவ்வொரு ஐடிக்கும், சாவியின் விவரங்களைத் தரும் டிஸ்கிரைப்கீ அழைப்பு. கீமேனேஜர் என்ற புலத்தில் கஸ்டமர் என்று இருந்தால் அது நாம் உருவாக்கியது, மாதம் 1 டாலர் வாடகை. ஏடபிள்யூஎஸ் என்று இருந்தால் சேவைகள் தாமாக உருவாக்கியது, அதற்கு வாடகை கிடையாது.

இங்கேதான் சில சாவிகளுக்கு அக்சஸ் டினைட் வந்தது. ஐஏஎம் பாலிசியில் (அக்கவுண்டில் யாருக்கு என்ன அனுமதி என்ற விதிகள்) டிஸ்கிரைப்கீ அனுமதி சரியாகவே இருந்தது. கேஎம்எஸ்ஸில் அது மட்டும் போதாது, அந்தச் சாவியோடு ஒட்டியிருக்கும் அனுமதி விதியான கீ பாலிசியும் இடம் கொடுக்க வேண்டும். யாரோ அதிலிருந்து அக்கவுண்டுக்கான ரூட் ஸ்டேட்மென்ட்டை (ஐஏஎம் அனுமதிகளைச் செல்லுபடியாக்கும் பகுதி) எடுத்துவிட்டு ஒரு குறிப்பிட்ட ரோலை மட்டும் போட்டு வைத்திருந்தால், அட்மின் பாலிசி வைத்திருப்பவரால்கூட அந்தச் சாவியைப் பார்க்க முடியாது. இந்த எரரை எக்செப்ஷனில் பிடித்து விழுங்கிவிடாதீர்கள். அதையும் ஒரு வரியாகப் பட்டியலில் எழுதுங்கள், ஆடிட்டில் முதலில் பேச வேண்டியதே அந்த வரிகளைத்தான். யாருடைய சாவி என்று கண்டுபிடிக்க, சாவிகளுக்கு வைத்த பெயர்களைத் தரும் லிஸ்ட்அலையசஸ் அழைப்பு கைகொடுத்தது. அதற்குத் தனிச் சாவியின் கீ பாலிசி தேவையில்லை என்பதால் பெயர்கள் வந்துவிட்டன, பெயரில் டீமின் சுருக்கம் இருந்தது, நேரே போய்க் கேட்டேன்.

இன்னொன்று, ஒரு பழைய சாவி பெண்டிங் டெலீஷன் (அழிக்கப்படக் காத்திருக்கும்) நிலையில் இருந்தது. இதற்குக் காத்திருப்புக் காலம் 7 முதல் 30 நாள் வரை, அது முடிந்தால் அந்தச் சாவியால் பூட்டிய டேட்டாவை யாராலும் திறக்க முடியாது. அக்கவுண்டில் நடக்கும் அழைப்புகளைப் பதிவு செய்யும் கிளவுட்ட்ரெயிலில் தேடினால் ஒரு பேக்கப் வேலை அந்தச் சாவியை வைத்து டிக்ரிப்ட் செய்யப் பார்த்துத் தோற்றுக்கொண்டே இருந்தது தெரிந்தது. உடனே அந்த டீமைக் கூப்பிட்டு டெலீஷனை ரத்து செய்யச் சொன்னேன். ரத்து செய்தாலும் சாவி டிசேபிள்ட் நிலைக்குத்தான் திரும்பும், தனியாக எனேபிள் செய்ய வேண்டும், அதையும் செய்த பிறகுதான் பேக்கப் ஓடியது.