புளியங்கொட்டைக் கூறுகள்: படுவான்கரை முன்பள்ளி நாட்குறிப்பு

10 பெப்ரவரி 2025, திங்கள்

நேற்று இலங்கை முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறையில் ஒரு குரங்கு செய்த வேலை என்று அமைச்சரே சொன்னார். பெரியவர்கள் அதைச் சொல்லிச் சிரித்து முடிக்கும் முன்னமே, இன்று காலை, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருக்கும் எங்கள் முன்பள்ளி முற்றத்தில் அது நாடகமாகிவிட்டது. இறால்தான் குரங்கு. ஓரா கரண்ட் கந்தோர் ஆள். வேலியில் கட்டிக் கிடந்த கயிறு, வயர். குரங்கு பாய்ந்ததும் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு "இருட்டு! இருட்டு!" என்று கத்த வேண்டும். ஓரா செருப்பைக் காதில் வைத்து, "ஹலோ, குரங்கப் புடிச்சாச்சு. ஆனா பழம் குடுத்தாத்தான் கரண்ட் வரும்" என்றாள். வயது நாலும் நாலு மாதமும். அவள் சொன்னபடியே, ஒரு எழுத்தும் திருத்தாமல் கொப்பியில் எழுதினேன்.

(இறால், ஓரா எல்லாம் நான் வைத்த பெயர்கள். பிள்ளைகளின் சொந்தப் பெயரை இங்கே போடமாட்டேன். வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு மீன் பெயர் பொருந்தும் என்று நினைத்தேன். இறால் மீனா என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.)

விரால் விளையாட்டில் சேரவில்லை. தூணோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வந்த நாளிலிருந்து அப்படித்தான். முதல் வாரக் குறிப்பில் "கூச்சமான பிள்ளை" என்று எழுதியிருக்கிறேன். இன்று அதை வாசிக்க எனக்கே வெட்கமாக இருந்தது. அது நான் நினைத்தது. கண்ணால் கண்டது இவ்வளவுதான்: கால் மணி நேரம் தூணோடு நின்றான். மற்றவர்கள் கண்ணை மூடியபோது அவனும் மூடினான். குரங்கு விழுந்தபோது சிரித்தான். கயிறு அவிழ்ந்ததும் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் தூணுக்கு வந்தான்.

மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-ல் பிள்ளைகளின் விளையாட்டை வகை பிரித்தபோது, பார்த்துக்கொண்டு நிற்பதையும் ஒரு வகையாகச் சேர்த்தார். டிப்ளோமாச் சோதனைக்கு அதைப் பாடமாக்கி எழுதியவள்தான் நான். தூணடியில் ஒரு பிள்ளை நிற்கும்போது அது நினைவுக்கு வர இத்தனை வருடம்.

11 பெப்ரவரி, செவ்வாய்

இன்றும் ஒன்றரை மணி நேரம் மின்வெட்டு. மெழுகுதிரி வெளிச்சத்தில் என் குறிப்புக் கொப்பிக்கு நடுவே கோடு போட்டேன். இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் நினைத்தது. பழைய குறிப்புகளை அப்படிப் பிரித்து எழுதிப் பார்த்தால் வலப்பக்கம் வழிகிறது, இடப்பக்கத்தில் நாலு வரிதான்.

20 பெப்ரவரி, வியாழன்

புளி உடைக்கிற காலம். ஒரு அம்மா ஒரு பை புளியங்கொட்டை கழுவிக் காயவைத்துத் தந்தார். பாயில் கொட்டிவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

இறால் கைநிறைய அள்ளி மழை பெய்வித்தான். ஓரா பூ வைத்தாள். விரால் பாயின் மூலையில் குந்தி, கொட்டைகளைச் சிறு குவியல்களாகப் பிரித்தான். ஆறு குவியல். ஒன்றைப் பார்த்து, அடுத்ததைப் பார்த்து, ஒரு பெரிய கொட்டையை எடுத்துவிட்டு இரண்டு சின்னதைப் போட்டான். அதன்பிறகு ஒவ்வொரு குவியலின் உச்சியிலும் பளபளப்பான கொட்டையாகத் தேடி ஒன்று வைத்தான்.

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. மீன் கூறு! அவனுடைய அம்மப்பா வாவிக்கரையில் கூறு போட்டு மீன் விற்பவர். நல்ல மீனை மேலே வைத்து, கீழே யார் எதை வைக்கிறார்கள் என்பது வாங்கிப்போய்ச் சட்டியில் கொட்டிய எல்லாருக்கும் தெரியும். பிள்ளை வியாபார நுணுக்கத்தையும் சேர்த்தே படித்திருக்கிறான்.

நான் பக்கத்தில் போய்க் குந்தி, "கூறு என்ன விலை?" என்றேன். நிமிர்ந்து பார்க்காமல், "முந்நூறு" என்றான். முன்பள்ளியில் அவன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் சொல். "கூடச் சொல்றீங்களே" என்றேன். கொஞ்சம் யோசித்து, ஒரு சின்னக் கொட்டையை எடுத்து என் கூறில் சேர்த்தான். விலை குறைக்கவில்லை.

இதே பிள்ளையைப் பற்றித்தான் போன கிழமை "எண்ணிக்கை விளங்குவது குறைவு, பென்சில் பிடி பலவீனம்" என்று எழுதியிருந்தேன். 5 எழுதச் சொன்னபோது எழுதவில்லை, அதை வைத்து.

4 மார்ச், செவ்வாய்

ஓராவின் அம்மாவுடன் கதைத்தேன். மகள் இருபது வரை தடங்காமல் சொல்கிறாள் என்று பெருமை. உண்மைதான். ஆனால் ஏழு கொட்டையைப் பரப்பி எண்ணச் சொன்னால் ஒன்பது வருகிறது. வாய் முன்னே ஓடுகிறது, விரல் பின்னே வருகிறது. "எண்ணத் தெரியாது" என்று சொல்லாமல் அம்மாவையே பக்கத்தில் இருத்திப் பார்க்க வைத்தேன். அவர் இரண்டு தரம் பார்த்துவிட்டு, "இனி வீட்ட கோப்பை அடுக்கக்குள்ள எண்ண விர்றன்" என்றார். நான் சொல்ல நினைத்திருந்ததைவிட நல்ல யோசனை.

கெளிறுவுக்கு மூன்றரை வயது, இன்னும் இரண்டு சொல்லுக்கு மேல் சேர்த்துப் பேசவில்லை. காரணம் சொல்ல நான் வைத்தியர் இல்லை. மூன்று கிழமைக் குறிப்பைப் பிரதி எடுத்து, கிளினிக் கொப்பியோடு மிட்வைஃப் மிஸ்ஸிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன்.

7 மார்ச், வெள்ளி

விராலைக் கூட்டிப்போக வந்த பெத்தாவை, அதாவது அவனுடைய அம்மம்மாவை, உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினேன். படலையடியில் நின்று பிள்ளையைப் பற்றிக் கதைப்பதை விட்டுவிட்டேன். போன வருடம் ஒரு அம்மாவிடம், நாலு பேர் கேட்க, "இவருக்கு இன்னும் பொத்தான் போடத் தெரியாது" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை ஒரு கிழமை வரவில்லை. வந்தபோது பொத்தான் இல்லாத பெனியன் போட்டு அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெனியன் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பெத்தாவிடம் கூறு கதையைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கூச்சமா? ஆருக்கு? வீட்ட வாய் ஓயாது புள்ள. கோழிக்கும் கதை, நாய்க்கும் கதை. தாய் போன்ல வந்தாத்தான் ஊமை. கட்டிலுக்குக் கீழ போயிருவான்."

தாய் குவைத்தில் வீட்டு வேலை. இவனுக்கு இரண்டரை வயதில் போனவர். இந்தப் பக்கத்தில் இது புதுக்கதை இல்லை. என்னிடம் இருக்கிற பத்தொன்பது பிள்ளைகளில் நாலு பேரின் அம்மா வெளிநாட்டில்.

15 மார்ச், சனி

முன்னேற்ற அறிக்கைத் தாள்களை நிரப்பினேன். நன்று, திருப்தி, முன்னேற வேண்டும் என்று மூன்று பெட்டி. விராலுக்கு எந்தப் பெட்டியில் சரி போடுவது? கூறு போடுவதற்கு அதில் இடமில்லை.

தாளைப் பெத்தாவிடம் கொடுக்கலாம், ஒப்பமும் வைப்பார். ஆனால் தாயிடம் அது எப்படிப் போகும்? பெத்தாவிடம் நம்பரைக் கேட்டு வாங்கி, வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினேன். மூன்று தரம் அழித்துப் பேசினேன். முதல் தரம் ரிப்போட் வாசிப்பதுபோல் இருந்தது. இரண்டாம் தரம் "கவலைப்படாதீங்க" என்று தொடங்கிவிட்டேன். அதைக் கேட்டாலே ஒரு தாய்க்குக் கவலை வந்துவிடும். கடைசியில் கயிறு எடுத்துக் கொடுத்தது, கூறு, முந்நூறு ரூபாய், வட்டம் கீறினால் இரண்டு முனையும் இன்னும் முட்டாமல் நிற்பது, இவ்வளவையும் கண்டபடி சொன்னேன். கொட்டைக் குவியலின் படம் ஒன்றும் அனுப்பினேன். பிள்ளைகள் இருக்கும் படங்களை அனுப்பவில்லை, மற்ற வீட்டுக்காரரைக் கேட்காமல் அது சரியில்லை.

18 மார்ச், செவ்வாய்

இரவு பன்னிரண்டரைக்குப் பதில் வந்திருக்கிறது. அங்கே பத்து மணி, வேலை முடிந்த நேரம். காலையில் மண்முனைப் பாலம் தாண்டும்போது பஸ்ஸில் கேட்டேன். 2014-ல் இந்தப் பாலம் திறக்குமட்டும் பாதை என்கிற மிதவையில் ஏறித்தான் இக்கரைக்கு வரவேண்டும். இப்போது ஒரு குரல் பதிவு முடியும் முன்னே பாலம் முடிந்துவிடுகிறது.

மெதுவான குரல், பக்கத்தில் யாரோ தூங்குவதுபோல். நன்றி சொன்னார், கொஞ்சம் சிரித்தார், கூறு கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டதாகச் சொன்னார். கடைசியில் ஒரு கேள்வி: "மிஸ், அவன் எந்தக் கையால கூறு போட்டவன்?"

கொப்பியைப் புரட்டினேன். "கையால் எடுத்தான்", "கையால் தள்ளினான்" என்று கிடக்கிறது. எந்தக் கை என்று ஒரு இடத்திலும் இல்லை.

19 மார்ச், புதன்

இன்று அவன் கையை மட்டும் பார்த்தேன். கொட்டை பொறுக்கியது இடது. பந்து எறிந்தது இடது. தண்ணீர்ப் போத்தல் இடது. சோறு வலது. பென்சில் வலது.

பதினொரு மணிக்கு வெற்றுத் தாளை வைத்து, பென்சிலைத் தாளுக்கு நேர் மேலே, எந்தப் பக்கமும் சாயாமல் வைத்தேன். இடது கையால் எடுத்தான். என் முகத்தைப் பார்த்தான். வலது கைக்கு மாற்றினான்.

தாய்க்கு அதை அப்படியே சொல்லி அனுப்பினேன். பதில் உடனே வந்தது, பகலிலேயே: "நான் போகக்குள்ள பால் போத்தல இடக்கையாலதான் புடிப்பான். எங்கட அப்பாவும் மீன் வெட்டுறது அப்படித்தான். அம்மா மாத்திப்போட்டா போல."

24 மார்ச், திங்கள்

பெத்தா விட்டுக்கொடுக்கவில்லை. "பீச்சாங்கையால சோறு தின்னலாமா புள்ள? கோயில்ல திருநீறு வாங்கலாமா?" என்னிடம் பதில் இல்லை. என் வீட்டிலும் அப்படித்தான் வளர்த்தார்கள். எந்தக் கை என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த வயதுகளில்தான் உறுதிப்படுகிறது, வலிந்து மாற்றினால் எழுத்துக்குத்தான் சிரமம் என்று சொன்னேன். தலையை ஆட்டினார், கேட்டாரா தெரியாது. பிறகு நான், "அவன்ட அம்மப்பாவ யாரும் மாத்தப் பார்க்கல்லயா?" என்றேன்.

"மாமி அடிச்சுப் பாத்தவ. அந்த மனிசன் மாறல்ல" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

பேரம் பேசி முடித்தோம்: சோறும் திருநீறும் சோத்தாங்கை, பென்சில் அவன் விருப்பம்.

4 ஏப்ரல், வெள்ளி

புத்தாண்டு விடுமுறைக்கு முன் கொப்பியில் சேர்க்க வேண்டியவை. விரால், இடது கை: பென்சிலை இன்னும் முழுக் கையால் பொத்தித்தான் பிடிக்கிறான், கீறல் அழுத்தமாக விழுகிறது. வட்டத்தின் முனைகள் இரண்டு தரம் முட்டின, மூன்றாம் தரம் முட்டவில்லை. இறாலிடம் "தள்ளு" என்றான். தாயுடைய போன் வந்தால் இப்போதும் கட்டிலுக்குக் கீழேதான், ஆனால் அங்கிருந்து கூறு விலை சொல்கிறானாம்.

கத்தரிக்கோல்தான் சிக்கல். எங்களிடம் இருப்பதெல்லாம் வலது கைக்காரருக்குச் செய்தது. இடது கையால் பிடித்தால் தாள் வெட்டுப்படாமல் மடிந்து உள்ளே போகிறது. பின்னேரம் மட்டக்களப்பு டவுனில் மூன்று புத்தகக் கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடைத் தம்பி, "கத்தரிக்கோல்ல இடது, வலது இருக்கா மிஸ்?" என்று கேட்டு, கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் தன் இடது கையால் ஒரு துண்டுப் பத்திரிகையை வெட்டிப் பார்த்தான். மடிந்தது. "ஓம் கா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போகும்போது கேட்டு வருவதாக என் நம்பரை எழுதிக்கொண்டான்.