கயிறு சுற்றுகிறவனுக்கும் பங்கு

நவம்பர் 26

மழை விட்டபாடில்லை. டியூஷனுக்கு வந்து என் திண்ணையில் நெருக்கியடித்துக்கொண்டு 14 பிள்ளைகள், மூன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பது வரை. படிப்பில் கொஞ்சம் விறுவிறுப்பு வரட்டுமே என்று சீட்டு குலுக்கிப் போட்டு சிவப்பு, நீலம் என இரண்டு அணியாகப் பிரித்தேன். வாய்ப்பாடோ அறிவியல் கேள்வியோ, சரியாகச் சொன்னால் ஒரு புள்ளி. சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

நவம்பர் 28

சிவப்பு அணியில் இருக்கும் நாலாம் வகுப்புக்காரி ஸ்கேலை மறந்து வந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த சித்தி மகளிடம் கேட்டாள். அவள் தன் ஸ்கேலைப் பைக்குள் தள்ளி ஜிப்பை இழுத்து மூடினாள்.

"ஏன் மக்களே?"

"அவ செவப்பு டீச்சர்."

ஒரே சட்டி மீன்குழம்பில் வளர்ந்த பிள்ளைகள். சீட்டு போட்டு இரண்டு நாள்தான் ஆகிறது. எனக்கு நெஞ்சு திக்கென்றது.

பி.எட். படிக்கும்போது பாடமாக வந்த சோதனை ஒன்று உண்டு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் 14, 15 வயதுப் பையன்களை உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் அற்பக் காரணம் சொல்லி இரண்டாகப் பிரித்தார். எந்த ஓவியரின் படம் பிடிக்கிறது என்பது போன்ற காரணம். யார் யார் தன் பக்கம் என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் பணத்தைப் பிரிக்கச் சொன்னபோது தங்கள் பக்கத்துக்கே அதிகம் கொடுத்தார்கள். தங்கள் அணிக்கு வருவது குறைந்தாலும் சரி, அடுத்த அணியைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்று பிரித்தவர்களும் உண்டு. 1970-ல் வெளிவந்தது. பரீட்சைக்கு நான் மனப்பாடம் செய்தது என் திண்ணையிலேயே நடந்துவிட்டது.

சீட்டுகளைக் கிழித்துப் போட்டேன்.

டிசம்பர் 3

கோட்டாறு சவேரியார் திருநாள், கன்னியாகுமரி மாவட்டத்துக்கே விடுமுறை. பக்கத்து ஊரில் ஐவர் கால்பந்து. எங்கள் தெருப் பையன்கள் இரண்டாம் பரிசு வாங்கி, 2000 ரூபாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்கள்.

வீட்டு வாசல் வந்ததும் சண்டை. ஆடியவர்கள் ஐந்து பேர், வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேர். "ஆடினவனுக்குத்தான் பைசா, ஆளுக்கு 400" என்றான் கேப்டன். ஐவரில் ஒருவனான எட்டாம் வகுப்புப் பையன், 13 வயது, ஒத்துக்கொள்ளவில்லை.

"எட்டுப் பேருக்கும் 250 வச்சுப் பிரிக்கணும்லே. கரமடி இழுக்கும்போது பின்னால நின்னு கயிறு சுத்துறவனுக்கும் பங்கு உண்டுல்லா?"

கரமடி என்பது கரையில் நின்று இழுக்கும் பெரிய மீன்வலை. அதைப் பார்த்தவர்களுக்கு அவன் சொன்னது விளங்கும். மடி கரையேறும்வரை இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நின்று, பின்பக்கமாக அடி வைத்து இழுப்பார்கள். வரிசையின் கடைசியில் ஒருத்தன், வந்து சேரும் ஈரக் கயிற்றை மணலில் வட்டமாக அடுக்கிக்கொண்டே இருப்பான். மீனை அவன் தொடுவதுகூட இல்லை. அவன் இல்லாவிட்டால் கயிறு சிக்கிக்கொள்ளும். இதைக் கண்ணால் பார்த்து வளர்ந்த பிள்ளை பேசிய நியாயம் அது.

ஐந்து பேருக்கே பிரித்தார்கள்.

டிசம்பர் 4

அவனை வாட்ஸப் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். சுவரோரமாகத் தனியாக உட்கார்ந்து, எழுதிய கணக்கையே அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் அவன் பக்கம் திரும்பவில்லை.

ஒவ்வொருவரையும் அடுக்களைப் பக்கம் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மூன்றாம் வகுப்புப் பொடியன் யோசிக்கவே இல்லை: "எல்லாருக்கும் ஒண்ணுபோல குடுக்கணும் டீச்சர்." ஒன்பதாம் வகுப்பு கோல்கீப்பர் ரொம்ப நேரம் வாசலையே பார்த்தான். பிறகு மெதுவாக, "அவன் சொன்னது சரிதான். நானும் சொன்னா என்னையும் தூக்கிருவானுவ" என்றான்.

டிசம்பர் 5

ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. அமெரிக்காவில் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்து உளவியலாளர் மெலனி கில்லனும் கூட்டாளிகளும் இதையேதான் ஆராய்ந்திருக்கிறார்கள். குழு ஒன்று தனக்கு அதிகம் வைத்துக்கொள்ளப் பார்க்கிறது, அதில் ஒருவன் மட்டும் சமமாகப் பிரிக்கலாம் என்கிறான். 9 வயதுப் பிள்ளைகளையும் 13 வயதுப் பிள்ளைகளையும் கேட்டபோது, எதிர்த்துப் பேசியவனைத் தங்களுக்குப் பிடித்திருக்கிறது என்றார்கள். ஆனால் அவனுடைய குழுவுக்கு அவனைப் பிடிக்காது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. என் பிடித்தம் வேறு, குழுவின் பிடித்தம் வேறு என்ற அந்தத் தெளிவு வயது ஏற ஏறக் கூடுகிறது. 2013-ல் வந்த கட்டுரை.

பெரிய பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டால், வளர வளரக் கெட்டுப்போகிறார்கள், சேர்க்கை சரியில்லை என்கிறோம். நானே எத்தனை தாய்மாரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்! அந்தக் கோல்கீப்பருக்கு நியாயம் தெரியும். பேசினால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். மூன்றாம் வகுப்புக்காரனுக்கு அந்த விலை இன்னும் தெரியாது. அவனுக்கு இருப்பதும் இவனுக்கு இருப்பதும் ஒரே நியாயம்தான். அப்படியிருக்க, நியாயம் என்றால் என்ன என்று இவனுக்கு நான் பிரசங்கம் பண்ணுவதில் அர்த்தமே இல்லை. பக்கத்தில் நின்று "ஆமாலே" என்று சொல்ல இன்னொரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கேப்டனைக் கூப்பிட்டு மிரட்டலாமா என்றும் நினைத்தேன். மிரட்டினால் டீச்சரிடம் கோள் சொன்னவன் என்ற பேரும் அந்தப் பிள்ளை தலையில் விழும். விட்டுவிட்டேன்.

டிசம்பர் 7

டியூஷன் முடிந்து பாய் சுருட்டும்போது கோல்கீப்பர் தங்கிப் போனான். நோட்டுக்குள்ளிருந்து ஒரு நூறும் ஓர் ஐம்பதும் எடுத்து எட்டாம் வகுப்புக்காரனிடம் நீட்டினான். ஒன்றும் பேசவில்லை. வாங்கியவன் தன் பங்கிலிருந்து எடுத்து வைத்திருந்த 150-ஐ அதோடு சேர்த்தான். வெளியே உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும் ஆளுக்கு 100 போய்ச் சேர்ந்தது. இன்னும் 150 வீதம் பாக்கி இருக்கிறது.

எட்டாம் வகுப்புக்காரனை இன்றுவரை குரூப்பில் சேர்க்கவில்லை. கோல்கீப்பர் மட்டும் சுவரோரம் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டான்.