ஆய்வுக்கு ஒரு தராசு, பிறந்த ஊருக்கு ஒரு வரிசை

பிட்ஸ்பர்க்கில் ஆராய்ச்சி வேலையில் இருக்கும் இந்தியர்கள் நாலு பேர் கூடினால், குளிரைப் பற்றியும் பிள்ளைகளின் பள்ளியைப் பற்றியும் பேசி முடித்த கையோடு கிரீன் கார்டுக்காகப் போடும் ஐ-140 பெட்டிஷனுக்கு வந்துவிடுவார்கள். பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலில் புளியோதரை வாங்கிக்கொண்டு நிற்கும்போதுகூட, "உங்க பிரையாரிட்டி டேட் என்ன?" என்று முன்பின் தெரியாதவர் விசாரிப்பார். கிரீன் கார்டு வரிசையில் நம் இடத்தைச் சொல்லும் தேதி அது. பெண் பார்க்க வந்தவர்கள் நட்சத்திரம் கேட்பது மாதிரிதான்.

பல்கலைக்கழக வேலைக்கு, எச்-1பி என்ற வேலை விசாவுக்கு நடக்கும் குலுக்கல் கிடையாது. அந்த வகையில், பிஎச்.டி.க்குப் பிறகு போஸ்ட்டாக் ஆராய்ச்சியாளராக இருந்த எனக்கு நிம்மதி. ஆனால் எச்-1பிக்குப் பொதுவாக ஆறு வருடம்தான் ஆயுள். ஐ-140 பெட்டிஷனுக்கு ஒப்புதல் கிடைத்து, கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்கள் அதற்கு மேலும் நீட்டித்துக்கொள்ளலாம். கம்பெனியில் இருப்பவர்களுக்கு முதலாளியே விளம்பரம் கொடுத்து, அந்த வேலைக்குத் தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று காட்டி, பெர்ம் என்ற தொழிலாளர் துறைச் சான்றை வாங்கிப் பெட்டிஷன் போடுவார். வருடா வருடம் நிதியைப் பொறுத்துப் புதுப்பிக்கப்படும் போஸ்ட்டாக் வேலைக்கு யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்? எங்களைப் போன்றவர்களுக்கு இருக்கும் வழி என்.ஐ.டபிள்யூ (நேஷனல் இன்ட்ரஸ்ட் வெய்வர்). முதலாளியும் வேண்டாம், பெர்மும் வேண்டாம், நாட்டு நலனுக்காக அந்த நிபந்தனையைத் தளர்த்துங்கள் என்று நமக்காக நாமே கேட்பது.

இப்போது அதற்கு அடிப்படையாக இருப்பது 2016 டிசம்பரில் வந்த தனசார் தீர்ப்பு. அந்த வழக்கில் மனு போட்டவரே விண்வெளிப் பொறியியல் ஆராய்ச்சியாளர்தான். தீர்ப்பு மூன்று கேள்விகளை வைக்கிறது. நீங்கள் செய்யப்போகும் வேலைக்கு மதிப்பும் நாடு தழுவிய முக்கியத்துவமும் உண்டா? அதை முன்னெடுத்துச் செல்லும் நிலையில் நீங்கள் இருக்கிறீர்களா? வழக்கமான நிபந்தனையைத் தளர்த்துவதால் அமெரிக்காவுக்கு நன்மையா?

என் ஆய்வு எஃகுப் பாலங்களின் அரிப்பு பற்றியது. பெயின்ட் அடிக்காமலே விடும் ஒருவகை எஃகு இருக்கிறது. மேலே படியும் துருவே கவசமாகி உள்ளே இருப்பதைக் காக்கும். ஆனால் அதற்கு நனைந்து நனைந்து காய வேண்டும். வடிகால் அடைத்து, குப்பையும் ஈரமும் அங்கேயே தங்கி, குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பும் சேர்ந்துவிட்டால் கவசம் உருவாகாது. துரு அடுக்கடுக்காக உரிந்து எஃகைத் தின்றுகொண்டே போகும்.

பெட்டிஷனுக்கு நான் எழுதிய முதல் வரைவு ஆய்வுப் பத்திரிகைக் கட்டுரையின் முன்னுரை போலவே இருந்தது. வக்கீல் போனில் கேட்டார், "சரி, உங்கள் ஆய்வு நடக்காவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?" பதில் ஊருக்குள்ளேயே இருந்தது. 2022 ஜனவரி 28 அன்று இங்கே ஃபெர்ன் ஹாலோ பாலம் பஸ்ஸோடும் கார்களோடும் பள்ளத்தில் விழுந்தது. உள்கட்டமைப்பு நிதியைப் பற்றிப் பேச ஜனாதிபதி பைடன் ஊருக்கு வரவிருந்த அதே நாள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அடைபட்ட வடிகால்களும், பாலத்தின் கால்களில் வருடக்கணக்காகத் தேங்கிய ஈரமும், செய்யாமல் விட்ட பராமரிப்பும்தான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்தக் கால்களில் இருந்ததும் இதே பெயின்ட் இல்லாத எஃகுதான். இரண்டாவது வரைவு அங்கிருந்து தொடங்கியது. துருவின் தடிமனை அளந்து, உள்ளே மிச்சமிருக்கும் எஃகைக் கணிக்கும் என் முறையைப் பாலம் பரிசோதகர் கையில் எப்படிக் கொண்டுசேர்ப்பேன் என்று எழுதினேன். ஆய்வு அதேதான். அது யாருக்கு உதவும் என்பது மட்டும் இப்போதுதான் எழுத்தில் வந்தது.

சிபாரிசுக் கடிதங்கள் இன்னொரு கூத்து. வழிகாட்டிப் பேராசிரியர் எழுதினால் மட்டும் போதாது. நம்மோடு சேர்ந்து வேலை செய்யாத, நம் கட்டுரையைப் படித்துப் பயன்படுத்தியவர்களும் எழுதினால்தான் எடை கூடும். பலரும் "வரைவு அனுப்புங்கள், திருத்திக் கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள். ஆக, முகம் பார்த்திராத ஒருவர் வாயால் நம்மை நாமே புகழ வேண்டும். என் முதல் கடித வரைவைப் படித்த ஆய்வகத்து அக்கா, "ஏம்மா, லீவ் லெட்டர் மாதிரி எழுதியிருக்கே" என்றார். புகழ்ச்சிச் சொற்களை அடித்துவிட்டு, எந்தக் கட்டுரையை எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்று மட்டும் அவர் எழுதவைத்தார். படித்தால் நம்பும்படி இருந்தது.

கூடுதல் பணம் கட்டினால் 45 வேலை நாட்களுக்குள் முடிவோ கேள்விக் கடிதமோ வந்துவிடும். எங்களுக்கு ஒப்புதலே வந்தது. அதனால் கைமேல் கிடைத்த பலன், எச்-1பிகாரரின் துணைக்குத் தரும் எச்-4 விசாவில் சும்மா உட்கார்ந்திருந்த என் கணவர் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க முடிந்ததுதான். ஊரிலிருந்து அம்மா, "அப்ப கார்டு எப்போடி வரும்?" என்றார். அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

பெட்டிஷனில் பார்ப்பது நாம் செய்த வேலையை. வரிசையில் பார்ப்பது பிறந்த நாட்டை. வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகள் வருடத்துக்குச் சுமார் 1,40,000. கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் அதற்குள்ளேயே அடக்கம். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது 1990 சட்டம். மற்ற நாட்டினர் விட்டுவைப்பது ஏதாவது இருந்தால்தான் நமக்குக் கூடுதலாகக் கிடைக்கும். யார் முறை வந்திருக்கிறது என்று மாதாமாதம் அரசு சொல்லும் விசா புல்லட்டின், என்.ஐ.டபிள்யூ சேரும் இ.பி-2 பிரிவில் இந்தியாவுக்கு 2025 நடுவில் காட்டிய தேதி 2013 ஜனவரி 1. அதாவது அதற்கு முந்தைய பிரையாரிட்டி டேட் உள்ளவர்களுக்குத்தான் அப்போது முறை. மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லி அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்பதை நியாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் துறையில் இன்னொரு தமிழர் இருக்கிறார். அவருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்தான். ஆனால் அப்பா வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் குவைத்தில் பிறந்தவர். கணக்கில் அவர் குவைத். எனக்குப் பின்னால் பெட்டிஷன் போட்டவர், எனக்கு எவ்வளவோ முன்னால் கார்டு வாங்கிவிட்டார். "அப்பா எனக்குச் சேர்த்துவைச்ச சொத்து இதுதாங்க" என்று சிரிக்கிறார். கணவனோ மனைவியோ வேறு நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டுக் கணக்கிலும் சேரலாம். என் கணவர் பிறந்தது கும்பகோணம்.

இனி அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான இ.பி-1ஏ-தான். அதுவும் நாமே போடுவது. பத்து அளவுகோல்களில் குறைந்தது மூன்றைக் காட்ட வேண்டும், அதற்கப்புறம் மொத்தமாகவும் எடைபோடுவார்கள். அந்த வரிசை பல வருடம் முன்னால் நிற்கிறது. பழைய பெட்டிஷனின் பிரையாரிட்டி டேட்டையும் கூடவே கொண்டுபோகலாம். மற்றவர் கட்டுரைகளை மதிப்பிடுவதும் ஓர் அளவுகோல் என்பதால், ஆய்வுப் பத்திரிகைகளிலிருந்து வரும் எந்த மதிப்பீட்டு வேலையையும் நான் இப்போது மறுப்பதில்லை.